மருந்துக் கொம்பை எந்தத் தோளில் மாட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. சக்கிமுக்கிக் கல் தட்டிச் சுடும் 18-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி, தோலாடை, தோளில் ஒரு மாட்டுக்கொம்பு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காட்டோரத்தில் கூடுகிற கூட்டத்தில் நான் ஒருவன்தான் தமிழன். படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்தும் இங்கிருந்தும் நண்பர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மருந்துக் கொம்பா? என்ன மருந்து?

வெடிமருந்து. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கருமருந்து. தீபாவளி விடியலில் தெருவில் நிற்குமே, அந்த வாசனைதான்.

இந்தத் துப்பாக்கிக்கு இன்றைய உலோகத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ள வேண்டும். அதனால் மருந்து எப்போதும் கையெட்டும் தூரத்தில், ஈரம் படாமல் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் கொம்பு. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து முளை அடித்திருப்பார்கள். நான் அதை அடிக்கட்டை என்கிறேன். கூர்ந்த பக்கத்தில் துளையிட்டு, கெண்டிக்கு இருப்பதுபோல் ஒரு மூக்கு. மூக்கில் மரத் தக்கை. இரண்டு முனையையும் இணைத்து ஒரு வார். அவ்வளவுதான் உறுப்புகள்.

ஒரு கிளைக்கதை: அந்த நூற்றாண்டில் பிரிட்டிஷார் செய்த வெடிமருந்தில் போன வெடியுப்பில் பெரும்பகுதி நம் பீகாரில் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் லண்டன் போய், மருந்தாகி, அங்கிருந்து அமெரிக்கக் காடுகளுக்கு வந்தது. முதல்முறை இதைப் படித்தபோது என் இடுப்பில் தொங்கிய கொம்பைக் கொஞ்சம் உறவோடு பார்த்தேன்.

தகர டப்பா, தோல்பை எல்லாம் ஆகாதா?

தோல் ஈரத்தை உறிஞ்சும். இரும்பு துருப்பிடிக்கும், உரசினால் பொறி பறக்கலாம். மண்பாண்டம் உடையும். கொம்பு மூன்றும் செய்யாது. எடை குறைவு, தண்ணீர் புகாது, பசு அறுக்கும் ஊரில் சும்மாவே கிடைக்கும். சுரண்டி மெல்லிசாக்கினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்த்துவிடலாம். செம்புக் குப்பிகள் பெருவாரியாக வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, எந்தத் தோள்? எந்தப் பக்கம்?

நேரே பதில்: வலக்கைக்காரர் என்றால் இடத்தோளில் வாரை மாட்டி வலப்பக்கம் தொங்கவிடுங்கள். பூணூல் போடும் திசை. தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஏன் என்று கேட்டால், மருந்து இடும்போது கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். துப்பாக்கியின் அடி தரையில் இடக்காலோரம் நிற்கிறது; குழல் இட முழங்கை மடிப்பில் சாய்ந்திருக்கிறது. இடக்கை விரல்களில் அளவுச் சிமிழ், அதாவது ஒரு முறைக்கான மருந்தை அளக்கும் சின்னக் குப்பி. வலக்கை கீழே இறங்கிக் கொம்பைப் பிடித்துத் தூக்குகிறது. பல்லால் தக்கையைக் கடித்து இழுக்கிறோம். சிமிழில் மருந்து விழுகிறது. தக்கை பல்லிலிருந்து நேரே மூக்குக்குத் திரும்புகிறது. கொம்பை விட்டால் அதுவே பழைய இடத்துக்குப் போய்விடும். கொம்பு வலப்பக்கம் இருந்தால் இத்தனையிலும் வலக்கை ஒருமுறைகூட உடம்பைக் குறுக்கே தாண்டுவதில்லை.

இடப்பக்கம் தொங்கினால் வலக்கை வயிற்றைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டும். போகிற வழியில் குழல் நிற்கிறது. கொம்பு குழலில் மோதும் அந்த 'டொக்' சத்தத்தை ஒரு பகல் முழுக்கக் கேட்டுப் பாருங்கள், தோளை மாற்றிவிடுவீர்கள்.

அப்படியும் இடப்பக்கம் மாட்டுகிறவர்கள் நிறைய. அவர்களும் தெரியாமல் செய்யவில்லை. குண்டு, துணி, கல் எல்லாம் இருக்கும் வேட்டைப்பை வலப்பக்கம் தொங்குகிறது. கொம்பும் அங்கேயே தொங்கினால் பையின் வாய்மூடியைத் திறக்கும்போதெல்லாம் கொம்பை ஒதுக்க வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்றால் எடையும் சமமாகும். பித்ரு காரியத்துக்குப் பூணூலை இடம் மாற்றிக்கொள்வதுபோல் வாரை வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது.

எனவே பை பெரிது, அடிக்கடி திறக்கிறீர்கள் என்றால் கொம்பு இடப்பக்கம். பை சின்னது, அடக்கமானது என்றால் இரண்டும் வலப்பக்கம். கடையில் கண்ணாடி முன் நின்று இதை முடிவு செய்ய முடியாது. மருந்தில்லாத வெறும் கொம்போடு, துப்பாக்கி இல்லாவிட்டால் துடைப்பக்கட்டையை நிறுத்திக்கொண்டு, இருபது முறை மருந்து இடுவதுபோல் நடித்துப் பாருங்கள். மனைவி சிரிப்பார். பரவாயில்லை. பத்தாவது முறைக்குள் கை பதில் சொல்லிவிடும்.

அந்தக் காலத்தவர்கள் எந்தப் பக்கம் மாட்டினார்கள்? அதுதானே சரியான முறை?

ஒரே முறை இருந்ததில்லை. ஆள் யார், கூடவே என்ன சுமந்தார் என்பதைப் பொறுத்தது. படைவீரருக்கு வலது இடுப்பில் தோட்டாப்பெட்டி (மருந்தும் குண்டும் காகிதத்தில் சுருட்டிய தோட்டா), இடப்பக்கம் துப்பாக்கிமுனைக் கத்தி, சோற்றுப்பை, தண்ணீர்க் குடுவை. அவருக்குக் கொம்பு எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. காட்டில் தனியாக வேட்டையாடித் திரிந்தவருக்கு இந்த நெரிசல் இல்லை.

கையில் கிடைக்கும் நல்ல சாட்சி பழைய கொம்புகளின் தேய்மானம். வருடக்கணக்கில் உடம்போடு உரசிய பக்கம் வழவழவென்று மழுங்கி, செதுக்கிய எழுத்துகூடப் பாதி அழிந்திருக்கும். வெளிப்பக்கம் கூர்மையாக நிற்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், டைகாண்டரோகா கோட்டை அருங்காட்சியகத்திலும் ஏராளமான கொம்புகள் உள்ளன. போனால் செதுக்குவேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடிக்கட்டையைச் சுற்றியும் வளைவின் உட்பக்கமும் பாருங்கள். செதுக்கியவர் சொல்ல நினைத்தது வெளிப்பக்கத்தில் இருக்கிறது, சுமந்தவர் சொல்ல நினைக்காதது உட்பக்கத்தில்.

வலக்கொம்பு, இடக்கொம்பு என்கிறார்களே, அது என்ன?

மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிது. கொம்பு ஒரே தளத்தில் வளைவதில்லை. வளைந்துகொண்டே முறுக்கிக்கொண்டும் போகும். இடக்கொம்பும் வலக்கொம்பும் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல் எதிரெதிராக முறுக்கும். இதனால்தான் ஒரு கொம்பு உங்கள் விலாவோடு ஒட்டிப் படுக்கும், அதன் ஜோடி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு போகிறவர் வருகிறவரைக் குத்தும்.

மூக்கை முன்னே வைத்து மாட்டினால், வலது இடுப்பில் ஒட்டிப் படுப்பது பெரும்பாலும் மாட்டின் இடக்கொம்பு. இது பலருக்குத் தலைகீழாகப் படும். கடைக்காரர் 'வலது' என்று சொல்வது மாட்டின் வலதா, மாட்டுகிறவரின் வலதா என்பதிலேயே குழப்பம். ஆகவே பெயரை விடுங்கள். கொம்பை எடுங்கள், குழிந்த பக்கம் மேலே, மூக்கு முன்னே, இடுப்போடு வையுங்கள். மூக்கு உங்கள் தொப்புளைப் பார்த்து வந்தால் அந்தப் பக்கம். விலகிப் போனால் மறுபக்கம் வைத்துப் பாருங்கள். என் முதல் கொம்பை இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். வந்து சேர்ந்தது எதிர்ப்பக்கத்துக் கொம்பு. விற்றவரிடம் கேட்டதற்கு "நீங்கள் தோளை மாற்றிக்கொள்ளுங்களேன்" என்றார். ஒரு வருடம் அதை இடப்பக்கம் மாட்டிப் பழகி, பிறகுதான் இன்னொன்று வாங்கினேன்.

மூக்கு முன்னே இருக்க வேண்டுமா, பின்னேயா?

முன்னே. பின்னால் இருந்தால் தக்கை கழன்று மருந்து கொட்டுவது கண்ணில் படாது. அதோடு கொம்பைத் தூக்கியதும் மூக்கு தானே சிமிழை நோக்கி வர வேண்டும். பின்னே இருந்தால் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மேலே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோள் என்று மணிக்கணக்காக விவாதிக்கிறவர்கள், வாரின் நீளத்தைக் கடைக்காரர் வெட்டித்தந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஜோல்னாப்பைபோல் தொடைவரை தொங்கவிடுவார்கள். நானும் அப்படித்தான். முதல் நாள் நடையில் ஒரு ஓடையைத் தாண்டக் குனிந்தேன். கொம்பு முன்னே ஊசலாடி முழங்காலில் இடித்தது. வலி போகட்டும், இடித்த வேகத்தில் தக்கை தெறித்து ஓடையில் விழுந்துவிட்டது. மீதி நாளெல்லாம் மூக்கில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு நடந்தேன். அன்று என்னைப் பார்த்த கூட்டத்துப் பெரியவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் என் வாரைப் பிடித்து ஒரு சாண் மேலே இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.

அளவெடுக்க எளிய வழி: சணல் கயிறு ஒன்றை எடுங்கள். முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள். கொம்பின் வயிறு, அதாவது வளைவின் கீழ்ப்பகுதி, இடுப்புவாருக்குச் சற்று மேலே, மடக்கிய முழங்கைக்கு உட்பட்டு அடங்க வேண்டும். அந்த இடத்தில் கொம்பை ஒருவர் பிடித்துக்கொள்ள, அடிக்கட்டையிலிருந்து முதுகு வழியாகத் தோள் ஏறி மார்பு வழியாக மூக்கடிவரை கயிற்றை ஓட்டி அளங்கள். முடிச்சுக்கு இரண்டு பக்கமும் நாலு விரல் கூட்டுங்கள். குளிர்காலத்தில் கம்பளிக்கோட்டின்மேல் மாட்டுவீர்கள் என்றால் கோட்டைப் போட்டுக்கொண்டே அளங்கள். வெயிற்காலத்துச் சட்டையில் அளந்தால் நவம்பரில் அக்குளில் இறுக்கும்.

இப்படி மாட்டினால் நடக்கும்போது முழங்கையே கொம்பை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னும் மேலே, அக்குளை ஒட்டியே மாட்டுகிறவர்களும் உண்டு; புதர்க்காட்டில் அதுவும் நல்லதுதான். ஆனால் ரொம்ப ஏறிவிட்டால் மூக்கு சிமிழ்வரை எட்டாது. வாரைக் கழுத்தில் இழுத்துக்கொண்டு ஊற்ற வேண்டிவரும்.

உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கொம்பு உங்கள் விலாவைவிட நீளமாக இருந்தால் வாரை எப்படிக் கட்டினாலும் சரிவராது. சின்னக் கொம்பு வாங்குங்கள். பெரிசுதான் அழகு என்பது கண்காட்சிக்கு.

எவ்வளவு மருந்து பிடிக்கும் கொம்பு போதும்?

1792 மே 8-இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட குடிப்படைச் சட்டம் (குடிப்படை என்றால் பொதுமக்களைத் திரட்டிய படை) இதற்குக் கணக்கே தருகிறது. ரைஃபிள் வைத்திருப்பவர் வேட்டைப்பை, மருந்துக் கொம்பு, 20 குண்டு, கால் பவுண்டு மருந்து சொந்தச் செலவில் கொண்டுவர வேண்டும் என்கிறது. கால் பவுண்டு என்பது 113 கிராம். நம் கணக்கில் ஏறத்தாழ 14 சவரன் எடை. இங்கே மருந்தைக் கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள்; ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஆகவே கால் பவுண்டுக்கு 1,750. ஒரு முறைக்கு 70 கிரெயின் என்று வையுங்கள், அரைச் சவரனுக்குச் சற்று மேலே. 20 குண்டுக்கு 1,400 போக 350 மிச்சம். பொறிக்கிண்ணியில் (குழலின் பக்கத்தில், கல்லின் பொறி விழும் சின்னக் கிண்ணம்) வைக்க, கை நடுங்கிச் சிந்த, ஒன்றிரண்டு முறை கூடுதலாகச் சுட. சட்டம் எழுதியவருக்குச் சிந்தும் கணக்கும் தெரிந்திருக்கிறது!

ஒரு நாளைக்கு அந்தக் கால் பவுண்டுக் கொம்பே தாராளம். மேலே சொன்ன உயரத்தில் அடங்குவதும் அந்த அளவுதான்.

கொம்பைப் பையின் வாரிலேயே கட்டிவிடலாமா? தனி வார் வேண்டுமா?

இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். சேர்த்துக் கட்டினால் ஒரே வீச்சில் மாட்டலாம், கழற்றலாம். வீட்டில் கதவோரம் ஆணியில் ஒன்றாகத் தொங்கும். எதையும் மறந்துவிட்டுப் போகமாட்டோம். பையும் கொம்பும் சேர்ந்தே இன்றுவரை தப்பிக் கிடைத்த ஜோடிகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே 1750-களின் ஆளாக வேடம் கட்டுகிறவர் தனி வார் வைத்துக்கொள்வது பொருத்தம்.

காலத்தை விடுங்கள், வசதிக்காகவும் நான் தனி வார்க் கட்சி. மழை வந்தால் கொம்பை மட்டும் கழற்றிக் கோட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். அடுப்பு மூட்ட உட்காரும்போது கொம்பை மட்டும் தூரத்து மரத்தில் மாட்டிவிட்டு வரலாம். இந்த இரண்டாவது காரணம் ஒன்றே போதும். பையில் சேர்த்துக் கட்டியவர், சக்கிமுக்கியும் பஞ்சும் பையில்தானே இருக்கிறது என்று கொம்போடு அடுப்பண்டை குந்துவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும்.

தனி வார் என்றால் மாட்டும் வரிசை முக்கியம். பை முதலில், கொம்பு அதன்மேல். எது முதலில் கழற வேண்டுமோ அது மேலே.

வார் எதில் செய்வது?

தோல், நெசவு நாடா, இரண்டும் உண்டு. மெல்லிய மான்தோல் இதமாக இருக்கும், ஆனால் நனைந்தால் நீண்டுவிடும். காலையில் இடுப்பில் இருந்த கொம்பு மாலையில் தொடையில். கனத்த மாட்டுத்தோல் நீளாது, தோளை அறுக்கும். நாடாவாக நெய்த கம்பளி வார்தான் எனக்குப் பிடித்தது. தோளில் வழுக்காது, முடிச்சு நிற்கும். கிழக்குக் காட்டுப் பூர்வகுடிகள் நார்ச்செடி இழையிலும் கம்பளி நூலிலும் விரலாலேயே பின்னி, இடையிடையே வெள்ளைப் பாசிமணி கோத்துச் செய்த வார்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தறியில்லாமல் அப்படிப் பின்ன முடியும் என்று நம்பவே முடியாது.

அகலம் இரண்டு விரல் போதும். மூக்கடியில் செதுக்கிய பள்ளத்தில் சுருக்கு, அடிக்கட்டையின் குமிழிலோ வளையத்திலோ இன்னொரு சுருக்கு. இரும்பு வளையமென்றால் மாதம் ஒருமுறை தோலைப் பாருங்கள், துரு தின்னும்.

பொறிக்கிண்ணிக்குத் தனியாகச் சின்னக் கொம்பு வேண்டுமா?

கட்டாயமில்லை. கிண்ணி மருந்து பொடியாக இருந்தால் சட்டென்று பற்றும் என்று தனிக் கொம்பு வைக்கிறார்கள். வைத்தால் பையின் வாரில், மார்பளவில் கட்டுங்கள். பெரிய கொம்பிலிருந்தே ஒரு சிட்டிகை கிண்ணியில் போட்டுச் சுட்டவர்களும் அந்தக் காலத்தில் ஏராளம். நான் சின்னக் கொம்பு வைத்திருந்தேன், இரண்டும் ஒன்றோடொன்று மோதி விடிய விடிய மணியடித்ததால் விட்டுவிட்டேன்.

கொம்பிலிருந்து நேரே குழலில் ஊற்றினால் வேலை சுருக்கமாக முடியுமே?

முடியும், ஆளும் சேர்ந்து முடியும். முன்பு சுட்ட துணியின் கங்கு குழலடியில் மினுக்கிக்கொண்டிருக்கலாம். அதன்மேல் ஊற்றுகிற மருந்து பற்றினால் தீ மூக்கு வழியே கொம்புக்குள் ஏறும். கையில் இருப்பது கால் பவுண்டு வெடி. அதனால்தான் அளவுச் சிமிழ்: பற்றினாலும் 70 கிரெயின்தான் பற்றும். திரைப்படங்களில் நேரே ஊற்றுவார்கள். அவர்கள் கொம்பில் இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும்.

இன்னொன்று, வரிசையாக நின்று சுடும்போது. இந்தத் துப்பாக்கிகளில் பொறிக்கிண்ணி வலப்பக்கம். கிண்ணியிலிருந்து குழலுக்குள் போகும் பக்கத்துளை வழியே தீ வலப்புறமாகத்தான் சீறும். உங்கள் இடப்பக்கம் நிற்பவரின் தீ உங்களை நோக்கி வருகிறது. இடப்பக்கம் கொம்பு மாட்டியவர்கள் தக்கையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான் இடக்கைக்காரன். எல்லாவற்றையும் திருப்பிப் போட்டால் சரியாகிவிடுமா?

கொம்பும் பையும் திருப்பிப் போடலாம். மேலே சொன்ன வலம் எல்லாம் உங்களுக்கு இடம். துப்பாக்கிதான் தொந்தரவு. பொறிவிசை (கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் பகுதி) வலப்பக்கம் உள்ள துப்பாக்கியை இடத்தோளில் வைத்தால் தீ முகத்துக்கு முன்னாலேயே சீறும். கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள். விசையை இடப்பக்கம் வைத்துச் செய்த துப்பாக்கிகள் கிடைக்கின்றன, விலைதான் கூட.

ஓடும்போதும் குதிரையிலும் ஆடாமல் இருக்க?

இடுப்புவாரை எல்லாவற்றுக்கும் மேலே கட்டி, கொம்பின் வாரை அதற்குள் பிடித்துக்கொள்ளுங்கள். கொம்பை அல்ல, வாரை. கொம்பையே இறுக்கினால் மருந்திட எடுக்க முடியாது.

செதுக்குவேலை உள்ள கொம்பு வாங்கினேன். எது வெளிப்பக்கம்?

பெயர் இருக்கிற பக்கம். கொம்பில் செதுக்குவது அந்தக் காலத்தில் பொழுதுபோக்கு மட்டுமல்ல. நூறு பேர் தங்கும் முகாமில் என் கொம்பு எது என்று தெரிய வேண்டும். 1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரரோடும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளோடும் நடந்த போரில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. முகாமில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த சிப்பாய்கள் ஹட்சன் ஆறு, மொஹாக் ஆறு, வழியிலுள்ள கோட்டைகள் எல்லாவற்றையும் கொம்பைச் சுற்றி வரைபடமாகச் செதுக்கினார்கள். மாசசூசெட்ஸ் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த ஜான் புஷ் என்ற கறுப்பினச் சிப்பாய் 1755-ஐ ஒட்டி ஜார்ஜ் ஏரி முகாமில் செதுக்கிய கொம்புகளின் எழுத்தழகைப் பார்த்தால், மற்றவை குழந்தைக் கிறுக்கலாகத் தெரியும். 1775-இல், அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், பாஸ்டன் முற்றுகையின்போது ராக்ஸ்பரி, விண்டர் ஹில் என்று முகாம் பெயரோடு செதுக்கிய கொம்புகள் இன்னொரு கூட்டம். "நான் மருந்து, தம்பி குண்டு, இருவரும் சேர்ந்தால் எல்லாரும் தோற்பர்" என்கிற பொருளில் ஒரு ஈரடி பல கொம்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் லாரிகளின் பின்னால் எழுதுகிற வாசகங்கள்போல், யார் முதலில் எழுதினார் என்றே கிடையாது.

புதிதாகச் செதுக்கச் சொல்கிறீர்கள் என்றால், முதலில் வெறும் கொம்பை மாட்டிப் பார்த்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு கொடுங்கள். பெயர் உட்பக்கம் போய்விட்டால் உங்கள் விலா மட்டும்தான் படிக்கும், படித்துப் படித்து அழித்தும்விடும்.

தாத்தா காலத்து நிஜக் கொம்பு ஒன்று சந்தையில் கிடைத்தது. அதையே மாட்டலாமா?

வேண்டாம். இருநூறு வருடம் காய்ந்த கொம்பு விரிசலுக்குக் காத்திருக்கிறது. அதைவிட முக்கியம், உள்ளே பழைய மருந்து இருக்கலாம். கருமருந்துக்கு வயதாவதில்லை, காய்ந்திருந்தால் இன்றும் வெடிக்கும். ஆணியால் கிண்டாதீர்கள். அலமாரியில் வைப்பதென்றால் வண்டு பார்த்துக்கொள்ளுங்கள். கொம்பு நம் நகம்போன்ற பொருள், அதைத் தின்னும் பூச்சி இருக்கிறது. பழைய கொம்புகளில் அம்மைத் தழும்புபோல் தெரிவது அந்தப் பூச்சியின் பல்.

மாட்டிக்கொள்ள இன்றைக்குச் செய்த கொம்பு வாங்குங்கள். ஹானரபிள் கம்பெனி ஆஃப் ஹார்னர்ஸ் என்று கொம்புக் கைவினைஞர்களுக்கே இங்கே ஒரு சங்கம் உண்டு. இந்தியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊரில், 1933-இல் தொடங்கிய தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கம் நடத்தும் கூடல்களிலும் கைவேலைக்காரர்கள் கடைபோடுவார்கள். வாங்கும் முன் தக்கையைக் கழற்றி, மூக்கில் வாய்வைத்து ஊதுங்கள். அடிக்கட்டை ஓரமாகக் காற்று கசிந்தால் ஈரமும் புகும். தேன்மெழுகு உருக்கி விட்டால் பெரும்பாலும் அடைந்துவிடும். வாங்கியதைக் காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள், கொம்பு நெளிந்து கட்டை விட்டுப்போகும்.

சென்னைக்கு எடுத்துவந்து காட்ட முடியுமா?

வெடிமருந்து எந்த விமானப் பெட்டியிலும் போகக்கூடாது, கையிலும் கூடாது, சரக்கிலும் கூடாது. ஒருமுறை மருந்து ஊற்றிய கொம்பு என்றால், எவ்வளவு கழுவினாலும் பாதுகாப்புச் சோதனையில் துணியால் துடைத்துப் பார்க்கும் கருவி கத்த வாய்ப்பிருக்கிறது. காட்டத்தான் வேண்டுமென்றால் மருந்தே காணாத புதுக் கொம்பு எடுத்துவாருங்கள்.

ஊரில் சுடுவது வேறு கதை. முன்வாயில் மருந்திட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் 1959 ஆயுதச் சட்டத்துக்குள்தான் வரும், உரிமம் வேண்டும். மருந்துக்கு 1884 வெடிபொருள் சட்டம். வெறும் கொம்பு வைத்திருக்க யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் அம்மா நான் கொண்டுபோன புதுக் கொம்பை ஒரு நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அதில் கடுகு போட்டு வைத்திருந்தார். மூக்கு வழியாகத் தாளிக்க அளவாக விழுகிறதாம்.